சிவநேசன் வீட்டுச் சீலிங்

எரிக் சுத்தியலை ஓங்கித் தட்டினான். பழைய சீலிங் தகடு நடுவில் பிளந்து, பாதி தரையில் விழுந்து நொறுங்கியது. மாவு சலித்தாற்போல் வெள்ளைத் தூசி கூடமெங்கும் எழும்பி ஜன்னல் வெயிலில் மிதந்தது. கீழே இறங்க அதற்கு மனமில்லை. அவன் மனைவி செலஸ்டின் தலையில் கட்டியிருந்த துண்டின் முனையை மூக்கை மறைக்க இழுத்துவிட்டுக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள்.

லூனாஸ் ஊரில் அது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சிவநேசனின் வீடு. முந்தின நாளே அவரும் மனைவி பராசக்தி டீச்சரும் சுங்கை பட்டாணியிலுள்ள மகள் தர்மினி வீட்டுக்குப் போய்விட்டார்கள். போகுமுன் அலமாரிகளைப் பிளாஸ்டிக்கால் போர்த்தி ஓரமெல்லாம் ஒட்டியிருந்தார்கள். வேலையாட்களுக்கென்று ஐஸ்பெட்டியில் மீன்கறியும் வைத்திருந்தார்கள். நல்ல மனிதர்கள் என்று செலஸ்டின் நினைத்துக்கொண்டாள்.

"கிளியக்கூட தூக்கிட்டுப் போயிட்டாங்க, பாத்தியா?" ஏணியிலிருந்து எரிக் சிரித்தான். "அதுக்கும் லீவு. நமக்குத்தான் இல்ல." சிரிப்பு இருமலாக மாறி நெடுநேரம் நீடித்தது.

"இறங்கித் தண்ணி குடிங்க."

"எப்பவும் வர்ற இருமல்தான் லா."

வெளியே கார் நின்றது. பராசக்தி டீச்சர் தனியாக ஓட்டிவந்து இறங்கினார். கேட்டைத் தாண்டி வரவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பிள்ளை, வெளியில வா!" என்று கூப்பிட்டார்.

"மருந்து மறந்துட்டீங்களா டீச்சர்? எடுத்துட்டு வர்றேன்."

"மருந்து என்ர கைப்பையிலதான் கிடக்கு. மறந்திட்டனெண்டு அவருக்குப் பொய் சொல்லிப்போட்டு வந்தனான்." கம்பிகளுக்கிடையே ஒரு பை நீண்டது. உள்ளே தடித்த முகக்கவசங்கள் இருந்தன. "அந்தத் தகடு ஆஸ்பெஸ்டாஸ். பேசாமல் விட்டால் ஒண்டும் செய்யாது. உடைச்சால்தான் ஆபத்து. தூசி நெஞ்சுக்குள்ள போய் அங்கேயே இருந்திடும். நோய் வருத்தம் இருபது முப்பது வருசம் கழிச்சுத்தான் தெரியவரும். தண்ணி தெளிச்சு, ஆணியைக் கழட்டி, முழுசா இறக்கவேணும். துடைப்பம் வேண்டாம், ஈரத்துணியால துடை. போட்ட உடுப்போட வீட்டுக்குப் போகாதேங்கோ."

செலஸ்டின் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "ஐயாவுக்கு இது தெரியுமா டீச்சர்?"

டீச்சர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தெரியும். மகள் சொல்லித்தான் நாங்கள் போனது. இதுக்கெண்டு லைசன்ஸ் உள்ள ஆக்கள் இருக்கினம். செலவு கூடவெண்டு அவர் விட்டிட்டார். எனக்கு சாமி அறையில நிக்க ஏலாமல் கிடக்கு, பிள்ளை."

கோபப்பட நினைத்தும் செலஸ்டினால் முடியவில்லை. "சொல்லணும்னு வந்தீங்களே. மாதா உங்களப் பாத்துக்குவாங்க."

எரிக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஏணியின் அடிப்படியில் உட்கார்ந்தான்.

"கூலிம்ல எஸ்டேட் கிராணி வீடு. செமிலிங்ல அந்தப் பழைய பங்களா. எல்லாம் இப்படித்தான் உடைச்சேன். உன்னைக் கட்டறதுக்கு முன்னாடியிருந்தே."

"நாளைக்கே கிளினிக்குப் போவோம்."

"போயி? சீலிங்க தின்னுட்டேன் டாக்டர்னு சொல்றதா?"

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு குழாயை இழுத்துவந்து தகடுகளை நனைத்தார்கள். ஆணிகளைக் கழற்றி, நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்குவதுபோல் ஒவ்வொன்றாக இறக்கிப் பிளாஸ்டிக்கில் சுற்றினார்கள். மாலையில் குத்தகையாளர் ஜெயசங்கர் வந்தபோது கூடத்துச் சீலிங்கில் பாதிகூட இறங்கியிருக்கவில்லை.

"என்னடா எரிக், சீலிங்கக் கழட்டச் சொன்னா குளிப்பாட்டிக்கிட்டு இருக்க?"

எரிக் விவரம் சொன்னான். ஜெயசங்கர் தலையை ஆட்டினார். "எங்க அப்பா காலம்பூரா இது கீழதான் படுத்தாரு. எண்பது வயசு வரைக்கும் கல்லாட்டம் இருந்தாரு."

"படுத்தா ஒண்ணுமில்லண்ணே," என்றாள் செலஸ்டின். "உடைச்சாத்தான்."

"அப்ப நீங்க வீட்டுலயே போய்ப் படுங்க."

மறுநாள் காலை இருவரும் ஏணியை எடுக்கப் போனபோது உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது. இரண்டு பங்களாதேஷ் இளைஞர்கள் வெறும் முகத்தோடு சீலிங்கை அடித்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். எரிக் ஏணியை மோட்டார் சைக்கிளில் கட்டினான். செலஸ்டின் மிச்சமிருந்த முகக்கவசங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"ஆயர் டுலு, அடேக்," என்று மலாய் மொழியில் சொல்லிக் குழாயைக் காட்டினாள். முதலில் தண்ணீர், தம்பி, பிறகுதான் கழற்றவேண்டும் என்று கையாலும் செய்து காட்டினாள். இளையவன் கவசத்தை மாட்டிக்கொண்டு நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னான். அவளே மேலே தண்ணீரைப் பாய்ச்சினாள். சற்று நேரத்தில் குழாயில் தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது. வாசலில் ஜெயசங்கர் தண்ணீர்க் குழாயின் திருகை அடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏக்கா, நேரமாவுது. கிளம்பு."

அவள் கேட்டுக்கு வரும்போது மறுபடி சுத்தியல் விழுந்தது. எதிர்ப்புறம் சிவநேசனின் கார் வந்து நின்றது. கண்ணாடிகள் முழுதும் ஏற்றப்பட்டிருந்தன. அவர் வீட்டை எட்டிப் பார்த்து, வேலை வேகமாக நடப்பதில் திருப்தியாகத் தலையசைத்தார். பக்கத்தில் டீச்சர் குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னல்வழி வந்த தூசி தெருவைக் கடந்து காரின் முன்கண்ணாடியில் மெல்லப் படிந்தது. சிவநேசன் தண்ணீரைப் பீய்ச்சி வைப்பரைப் போட்டார். அது இருமுறை அசைந்து கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது.