கடைசிப் பக்கத்தில் ஐஸ் மீன்

லூர்துமேரியிடம் மீன் வாங்குகிறவர்கள் ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும். அவள் கையில் புத்தகம் இருக்கும்போது விலை கேட்கக் கூடாது. கேட்டால் பதில் வரும், வராமல் போகாது. ஆனால் "இரு மா, இங்க ஒருத்தி வெஷம் குடிக்கப் போறா, உனுக்கு சங்கரா கேக்குதா?" என்று வரும். பட்டினப்பாக்கம் மீன் மார்க்கெட்டில் இதற்குக் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனவர்களும் உண்டு. மீன் நல்ல மீன் என்பதால் மறு வாரமே திரும்பி வந்துவிடுவார்கள்.

எட்டாம் வகுப்போடு நின்ற லூர்துமேரிக்குக் கதைப் பைத்தியம் பிடித்தது நாற்பத்தைந்து வயதில். புருஷன் ஆரோக்கியராஜ் படகிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மந்தைவெளியிலிருந்து வாடிக்கையாக மீன் வாங்க வரும் ஆஷா பார்க்க வந்தாள். லஸ்ஸில் பேங்க் வேலை பார்க்கிற பெண். எல்லோரும் ஆப்பிள் வாங்கி வந்த இடத்தில் அவள் ஒரு மாத நாவலைக் கொண்டுவந்து கொடுத்தாள். "பொழுது போகலைன்னா புரட்டிப் பாருங்கக்கா" என்றாள். அன்று ராத்திரி அந்தக் கதைக்குள் நாலு கொலை நடந்தது. அந்த நாலு கொலையும் இல்லாவிட்டால் தனக்குப் புத்தி பேதலித்திருக்கும் என்று லூர்துமேரி இன்றைக்கும் சொல்வாள். ஆரோக்கியராஜ் எழுந்து நடந்து கடலுக்கும் போக ஆரம்பித்துவிட்டான். ஆஷா மட்டும் மாதாமாதம் ஒரு பை நிறையப் பழைய நாவல்களைக் கொண்டுவருவதை நிறுத்தவே இல்லை. மாதாவுக்கு அடுத்தபடி லூர்துமேரி கை எடுத்துக் கும்பிடுகிற ஆள் ஆஷாதான்.

பை முதலில் லூர்துமேரியிடம் வரும். அப்புறம் பக்கத்துக் கடையில் நண்டு விற்கும் முனியம்மாளுக்கு. அப்புறம் திருவல்லிக்கேணியில் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அன்வரி பேகத்துக்கு. அவள் வெள்ளிக்கிழமை மீன் வாங்க வரும்போது போன வாரப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு இந்த வாரப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவாள். படித்தவர்கள் கடைசி வெற்றுப் பக்கத்தில் கருத்து எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இது லூர்துமேரி போட்ட சட்டம். கருத்துக்கு மேலே தரமும் போட வேண்டும். பிரமாதம் என்றால் 'வஞ்சிரம்'. பரவாயில்லை என்றால் 'சங்கரா'. நாலு நாள் பெட்டியில் கிடந்த சரக்கு என்றால் 'ஐஸ் மீன்'.

போன மார்கழியில், மயிலாப்பூர் முழுக்கச் சபா கேன்டீனில் போண்டா தின்றுகொண்டிருந்த நேரத்தில் வந்த பையில், வழக்கமான சன்ன நாவல்களோடு ஒரு தடிப் புத்தகம் இருந்தது. பிரவுன் அட்டை போட்டு, பேர் தெரியாமல் ஒட்டியிருந்தது. நானூறு பக்கம். தமிழ்தான், ஆனால் ஆட்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். தோள் வரைக்கும் முடி வளர்த்த ஒருத்தன் கிதாரை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான், ஓட்டல் அறையை உடைக்கிறான், கூட்டாளிகளோடு அடித்துக்கொள்கிறான், குடிக்கிறான், மறுபடி பாடுகிறான்.

அந்த நானூறு பக்கத்துக்கு மார்க்கெட் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

"ஓட்டல் டீவிய தூக்கி ஜன்னல் வழியா எறிஞ்சானே, ஐய! அத்த எனுக்குக் குடுத்திருந்தா எங்கூட்டு மாடில மாட்டியிருப்பேன்" என்று முனியம்மாள் ஒரு வாரம் புலம்பினாள்.

"நாவல்னா ஒரு ஒழுங்கு வேணாமா?" என்று லூர்துமேரி நண்டுக் கூடைக்கு மேலாகக் கத்தினாள். "தப்பு பண்றவன் தொண்ணூறாம் பக்கத்துல மாட்டணும். இவன் நானூறு பக்கமும் தப்பு பண்ணிகினே கீறான், ஒரு போலீஸ்காரன் வந்து கேக்கல."

அன்வரி பேகம் பாறை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தபடி, "நிஜத்துல யாரும்மா தொண்ணூறாம் பக்கத்துல திருந்துறாங்க? அதான் எனக்கு இவனப் புடிச்சிருக்கு" என்றாள்.

"நெஜம் வேணும்னா இந்த மார்க்கெட்டயே பாத்துகினு குந்தியிருப்பேனே. கதை எதுக்கு?"

இப்படிச் சொன்னாளே தவிர, முதல் ஆளாகப் படித்தபோது லூர்துமேரியால் அதைக் கீழே வைக்க முடியவில்லை. வெட்டக் கொடுத்த மீனை மறந்து இரண்டு பேரைக் கால் கடுக்க நிற்கவைத்தாள். முடித்த அன்று அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்பப்பா! பேனாவை எடுத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே ஏற்கெனவே கறுப்பு மையில், பக்கத்துக்குக் குறுக்கே, யாரோ பெரிதாகக் கிறுக்கி வைத்திருந்தார்கள். எழுத்து எந்த மொழி என்றே புரியவில்லை. தனக்கு முன்னால் படித்த எவனோ சோம்பேறி கருத்து எழுதியிருக்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வேறு எப்படித் தோன்றும்? கடைசிப் பக்கம் என்பது அதற்காகத்தானே இருக்கிறது! கிறுக்கலுக்கு அடியிலேயே அவனுக்கு இரண்டு வரி திட்டு எழுதிவிட்டு, தன் கருத்தையும் அதன் கீழே கொட்டினாள். கோபத்தில் எழுதியதில் என்ன எழுதினோம் என்பது மறுநாளே பாதி மறந்துபோனது.

தை பிறந்து நாலு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில் ஆஷா பேங்குக்குப் போகிற உடுப்போடு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"லூர்தக்கா, பிரவுன் அட்டை போட்ட தடி புக் ஒண்ணு பைல வந்துச்சா?"

"வந்துச்சே! மூணு பேரும் படிச்சாச்சு. இன்னா மா ஒரு மாதிரி கீறே?"

"அது கதை இல்லக்கா. அந்த ஆள் நிஜம். பெரிய ராக் பாடகர், தன் வாழ்க்கையைத் தானே எழுதினது. அது சூர்யா புக்."

சூர்யா ஆஷாவின் தம்பி. வயது முப்பது. கிதார் வாசிக்கிறவன், அடையாற்றில் நாலு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். பதினாலு மாதம் முன்பு பைக் சறுக்கி விழுந்ததில் இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் போனது லூர்துமேரிக்குத் தெரியும். அவன் வேலைக்குப் போவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்தே இருக்கிறான் என்பதும் தெரியும். அந்தப் புத்தகம் கண்ணில் பட்டால் இன்னும் நொந்துபோவான் என்று ஆஷாதான் அதற்கு அட்டை போட்டு, பழைய நாவல்களோடு பரணில் ஒளித்து வைத்திருக்கிறாள். அப்புறம் மறந்துபோய்ப் பையோடு தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"நேத்து அவனா வாயத் திறந்து, 'அக்கா, என் புக் எங்க'ன்னு கேட்டான். பதினாலு மாசத்துல அவனா கேட்ட முதல் விஷயம் இதுதான். இல்லைன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அந்தப் பாடகர் பெங்களூருக்கு வந்தப்ப ஒரு நாள் முழுக்க வெயில்ல நின்னு கையெழுத்து வாங்கினான்கா. தமிழ் புக்கைப் பார்த்து அவர் சிரிச்சிட்டு, எந்தப் பக்கம் முதல் பக்கம்னு தெரியாம கடைசிப் பக்கத்துல போட்டுட்டாராம்."

லூர்துமேரி கையிலிருந்த கத்தியைப் பலகையில் போட்டாள். மாதாவே! அந்தக் கிறுக்கல்!

பாலித்தீன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். கறுப்புக் கையெழுத்தைச் சுற்றி மேலும் கீழும் நீல மையில் மூன்று பெண்களின் கருத்து அடைத்துக்கொண்டிருந்தது. அன்வரி பேகத்தின் 'வஞ்சிரம்' கையெழுத்தின் வாலைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஆஷா பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் லூர்துமேரிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"விடுங்கக்கா. என் தப்புதான். நான் சொல்லிக்கறேன்" என்று கை நீட்டினாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்." லூர்துமேரி புத்தகத்தைக் கொடுக்கவில்லை. "எழுதுனது நான். நானே கொண்டாந்து தர்றேன். திட்டுனா என்னத் திட்டட்டும், உன்னக் கேக்கக் கூடாது. நீ இன்னிக்கு அரை நாள் லீவு போட்டு வூட்ல இரு."

அன்றைக்கு அவள் மிச்ச மீனை முனியம்மாளிடம் தள்ளிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு மந்தைவெளிக்கு நடந்தாள். தனக்கு அந்த ஆஸ்பத்திரி நாட்களைக் கடத்திக் கொடுத்தவள் வீட்டில், வராது வந்த ஒரு பேச்சைத் தன் பேனாவே நிறுத்திவிடுமோ என்ற பயம் வழி முழுக்கக் கூடவே வந்தது.

இரண்டாவது மாடி. ஆஷா கதவைத் திறந்தாள். மணி இரண்டரை தாண்டியிருந்தது. ஜன்னலோரம் சூர்யா தாடியோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்து ஸ்டூலில் மூடி வைத்த தட்டு அப்படியே இருந்தது.

"தம்பி, நான் மீன் விக்கிற லூர்து. உன் புக்கு எங்கிட்டதான் இருந்துச்சு. கடைசிப் பக்கத்த நாங்க மூணு பேரும் கலீஜ் பண்ணிட்டோம். உங்கக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. கோவம் வந்தா என்ன நாலு கேளு" என்று ஒரே மூச்சில் சொல்லிப் புத்தகத்தை அவன் மடியில் வைத்தாள்.

சூர்யா வலது கையால் கடைசிப் பக்கத்தைத் திறந்தான். ஆஷா சமையலறை வாசலில் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

அப்புறம் அவன் மெதுவாக, வாய்விட்டு வாசித்தான். குரல் துருப்பிடித்திருந்தது. "'யாருப்பா நீ? கருத்து எழுதச் சொன்னா கோழி கிளறுன மாதிரி கிளறி வெச்சிருக்கே. அடுத்த தபா புரியிற மாதிரி எழுது. இப்படிக்கு லூர்துமேரி.'"

அவன் நிமிர்ந்து லூர்துமேரியைப் பார்த்தான். உதடு கோணியது. தோள் குலுங்கியது. லூர்துமேரி அவன் அழுகிறான் என்றுதான் முதலில் பயந்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். "அவருக்கா... அவருக்கா எழுதினீங்க இத!" என்று மூச்சு வாங்கச் சிரித்தான். உலகமே எழுந்து நின்று கைதட்டுகிற ஆளாம் அவர். லூர்துமேரிக்கு அதெல்லாம் எங்கே தெரியும், சிரிப்புச் சத்தம் கேட்டதே போதும் என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கீழே இருந்ததை வாசிக்கத் தொடங்கினான். முதலில் சிரித்தபடியே வாசித்தான்.

"'ஐஸ் மீன். இந்த முடிக்காரன் நானூறு பக்கம் எழுதிகீறான். எந்த ஊருல எந்த கிதார் வாங்கினான், எவன் மூக்க ஒடைச்சான், எல்லாம் வெவரமா கீது. பாட்டு போன பின்ன ரெண்டு வருசம் ரூமுல குந்திகினு இருந்தான். கதவாண்ட தட்டு வந்துச்சு, துன்னேன்னு ஒரே வரில எழுதறான். தட்டுக்கு இன்னா கால் மொளச்சு நடந்தா வந்துச்சு? கொண்டாந்தவ பேரு இன்னா? அக்காவா, அம்மாவா, பொண்டாட்டியா? அவ துன்னாளா இல்லியா? டிரம் அடிச்சவன் நாய் பேரு வரைக்கும் எழுதுனவனுக்கு இத்தக் கேக்கத் தோணல பாரு. அதான் எனுக்கு ஆத்திரம். மத்தபடி நல்ல புக்கு, படிக்கலாம்.'"

பாதியிலேயே அவன் சிரிப்பு நின்றிருந்தது.

கீழே தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது லூர்துமேரிக்கு. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள்.

சூர்யா அவளைப் பார்க்கவில்லை. ஸ்டூலில் இருந்த தட்டைப் பார்த்தான். மூடியை எடுத்தான். சாதம், ரசம், கத்திரிக்காய். இடது கையின் துணை இல்லாமல் தின்ன வசதியாகச் சின்னச் சின்னதாக நொறுக்கின அப்பளம். அவன் தலையைத் திருப்பி, சமையலறை வாசலில் நிற்கிறவளைப் பார்த்தான்.

"அக்கா, நீ சாப்டியா?"

ஆஷா தலையை ஆட்டினாள், அது ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று அவளுக்கே தெரியாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க சாப்ட்டா? நான் வந்து இம்மா நேரம் ஆவுது, நின்னுகினேதான் கீறா" என்றாள் லூர்துமேரி.

சூர்யா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஆஷாவைத் தாண்டிச் சமையலறைக்குள் போனான். ஒரு அலமாரிக் கதவு திறந்து மூடுகிற சத்தம். இன்னொரு கதவு. டப்பாக்கள் நகர்கிற சத்தம்.

"அக்கா, தட்டெல்லாம் எங்க வச்சிருக்க?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

ஆஷா அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள். லூர்துமேரி அவள் தோளை அழுத்தி ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"நீ குந்து மா" என்றாள். "அவனே தேடட்டும்."