கல்லறைத் தோட்டத்துச் சுவர்

சுத்தியலும் உளியும் இருந்த பையின் மேல் கொத்தனாரின் மனைவி ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எழுந்திரு."

"மாட்டேன். டாக்டர் என்ன சொன்னாரு? ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாதுன்னாரா இல்லியா?"

"தண்ணியை யாரு தூக்கப் போறா? செங்கல்தானே."

மகள் சிரித்துவிட்டாள். தாய் சிரிக்கவில்லை.

சபையின் கல்லறைத் தோட்டத்தை ஒரு சுவர் இரண்டாகப் பிரித்தது. இந்தப் பக்கம் பெரிய மனிதர்கள். அந்தப் பக்கம் சாக்கடை அள்ளியவர்கள், தெரு பெருக்கியவர்கள், அவர்கள் பிள்ளைகள். பிள்ளை படித்து வாத்தியார் ஆனாலும் அந்தப் பக்கந்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். செத்த பிறகும் சேர்ந்து கிடப்பது ஒழுங்கில்லை என்று நிர்வாகக் குழு கருதியது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் சுவரைக் கட்டியவர் இதே கொத்தனார். நூல் பிசகாமல் நிற்கிறது என்று அன்றைக்குப் பாராட்டினார்கள்.

போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கிய அம்மாள் இறந்துபோனாள். கொத்தனார் மாரடைப்பில் படுத்திருந்த பதினோரு நாளும் முகம் சுளிக்காமல் அவருக்கு மலம் எடுத்தவள். 'அண்ணே' என்று கூப்பிட்டவள். அவள் பெட்டியைப் பெரிய வாசல் வழியாக விடவில்லை. முழங்கால் சேற்றில் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குத் தூக்கிப் போனார்கள். கொத்தனாரும் பின்னால் போனார். சேற்றில் நின்று பார்த்தபோது, தான் கட்டிய சுவர் அவருக்கு ரொம்ப உயரமாகத் தெரிந்தது.

மறுநாளிலிருந்து தினமும் மத்தியானம் போய்ப் பத்துச் செங்கல் எடுத்தார். ஒளிவுமறைவு கிடையாது. எடுத்ததைச் சுரண்டி, ஓரமாக அடுக்கியும் வைத்தார்.

சபைச் செயலாளர் வந்தார். "யாரைக் கேட்டு இடிக்கிறீங்க?"

"கட்டச் சொன்னப்ப நீங்க ஆண்டவரைக் கேட்டீங்களா? நானும் கேக்கல. அதைத்தான் இப்ப சரி பண்ணிக்கிட்டிருக்கேன்."

குழு கூடியது. கோயிலில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கொத்தனாருக்கு நிறுத்தப்பட்டன. சுவரை அடைக்க வேறோர் ஆள் அமர்த்தப்பட்டார். அவர் நாளைக்கு ஐந்து கல்தான் வைத்தார். முதுகுவலி என்றார்.

"நீங்க எடுக்க, அவன் வைக்க, இது எப்ப முடியும்?" பையை விட்டு இறங்காமலே மனைவி கேட்டாள்.

"என் காலத்துல முடியாது."

"அப்புறம் எதுக்கு உசிர விடுறீங்க?"

"முடிக்கிறது ஆண்டவரு வேலை. கல்லறையையே திறக்கப் போறவருக்கு ஒரு சுவரு பெரிசா? நான் எடுத்த கல்லை அவரு வீணாக்க மாட்டாரு. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

"ரொம்பத் தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

ஏழு வாரம் கழித்து, சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் அங்கேயே சாய்ந்தார்.

குழு பெருந்தன்மையாக நடந்துகொண்டது. பழையதை மன்னித்து, பெரிய வாசலுக்குப் பக்கத்திலேயே நல்ல இடமாக ஒதுக்கியது.

"வேண்டாங்க," என்றாள் மனைவி. "ஆஸ்பத்திரி அம்மா பக்கத்துல இடம் கேட்டேன். அவங்க ஆளுங்க சரின்னுட்டாங்க."

"அப்போ பின்வாசல் வழியா..."

"இல்லீங்க. இப்படியேதான்."

பெட்டி பெரிய வாசலில் நுழைந்து, சுவரின் இடைவெளி வரை வந்து நின்றது. தூக்குகிறவர்கள் நுழைய ஒரு சாண் போதவில்லை. தோள் மாற்றிக்கொண்டார்கள். போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தாய் கொண்டுவந்திருந்த பையிலிருந்து அப்பாவின் சுத்தியலையும் உளியையும் எடுத்தாள். முதல் அடி விரலில் விழுந்தது. கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். சுவரை அடைக்க அமர்த்தப்பட்டவர்.

"மேலேருந்து எடும்மா," என்று சொல்லி, எதிர்ப்பக்கம் நின்று கல்லைக் கையில் வாங்கிக்கொண்டார். முதுகுவலி பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டி அந்தப் பக்கம் போனது.

அடக்கம் முடிந்ததும் செயலாளர் மகளிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதம்மா. நாளைக்கு அதை அடைச்சிடுவோம்."

"அடைச்சுக்குங்க சார்," என்றாள் அவள். "நான் ஆபீஸ் விட்டு வர அஞ்சு மணி ஆகும்."