மெக்லித் என்ற பெயருக்குப் பின்னால்

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டும். எங்கள் தெருவின் ஈதிர்ச் சங்கம் (சாவு வீட்டுக்குக் கூடாரமும் சமையலும் பார்த்துக்கொள்வது, அடிஸ் அபாபாவில் அது இல்லாத தெரு கிடையாது) ஐம்பதாம் ஆண்டு மலர் போடுகிறது. மென்பொருள் வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு அறிவுரையாக இரண்டு பக்கம் வேண்டும் என்று செயலாளர் பெக்கெலே வந்து நின்றார்.

“எனக்கு என்ன தெரியும், பெக்கெலே? நான் கோர்ட்டுல பதிவாளரா இருந்தவன்.”

“உங்க பொண்ணு அதுலதானே இருக்கா? ஒரு போன் போட்டுக் கேட்டு எழுதுங்க.”

என் மகள் மெக்லித்துக்குப் போன் போட்டுக் கேட்கும் நிலையில் நான் இல்லை. அதை வெளியாரிடம் சொல்வது எங்கள் வீட்டு வழக்கமும் இல்லை. அதனால் ஒப்புக்கொண்டேன். அதனால் கதை.

கதையில் வரும் அப்பாவை ‘அவர்’ என்று படர்க்கையில் வைக்கிறேன். அவர் பெயர் அட்மாசு. என் பெயரும் அதுதான். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன். கள்ளக் கையெழுத்துப் போட்டதுபோல் இருந்தது.

2

முதல் தொடக்கம்: “இளைஞர்களே, தவறே நேராதபடி—”

அடித்துவிட்டேன்.

இரண்டாவது: “மெக்லித்துக்குக் கீழே வேலை பார்த்த ஒருவரின் கவனக்குறைவால்—”

பொய். இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்குக் கீழே யார் வேலை பார்ப்பார்கள்? பிழை அவளுடையது.

மூன்றாவது இது. இதை விட்டுவைக்கிறேன்.

மெக்லித் வேலையில் சேர்ந்த ஆறாம் மாதம், ஒரு கண் மருத்துவமனையின் நோயாளிகளுக்கு ‘இன்ன நேரத்துக்கு வாருங்கள்’ என்று கைபேசிச் செய்தி அனுப்பும் நிரலை எழுதினாள். எங்களுக்கு விடிந்தால் மணி பன்னிரண்டு. வெளியுலகம் காலை ஒன்பது என்பது எங்களுக்கு மூன்று. கடிகாரம் ஒன்பதைக் காட்டும். வாய் மூன்று என்று சொல்லும். பேசப் பழகிய நாளிலிருந்து அப்படித்தான். செய்தியில் அந்த ஆறு மணி நேரத்தைக் கழிக்க ஒரு வரி எழுத வேண்டும். மெக்லித் சோதித்தபோது திரையில் ஒன்பது என்று வந்தது. “மூணு, சரி” என்று வாசித்துவிட்டு அனுப்பிவிட்டாள். கழித்தது அவள் மனம். கணினி கழிக்கவில்லை.

முப்பத்தேழு பேருக்கு ஒன்பது மணி என்று செய்தி போனது. எங்கள் கணக்கில் அது பிற்பகல். டாக்டர் கிளம்பிய பிறகு வந்து சேர்ந்தார்கள்.

3

மறுநாள் மதியம். தட்டில் இஞ்செரா அப்பமும் ஷிரோக் குழம்பும். மெக்லித் ஒரு கவளம் சுருட்டி, அப்பாவுக்கு ஊட்ட நீட்டியபடியே சொன்னாள்.

“காலையில மீட்டிங்ல கேட்டாங்கப்பா. நான்தான்னு சொல்லிட்டேன்.”

“உன்னைப் பார்த்துக் கேட்டாங்களா?”

“இல்ல, பொதுவாத்தான்.”

“அப்புறம் நீயா எதுக்கு எழுந்து நின்ன? பைத்தியமா உனக்கு?”

“ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல எழுதினவங்க பேர் இருக்கும்ப்பா. நான் சொல்லலேன்னா அது சொல்லிடும்.”

“என்ன பேர்?”

“என் பேர்தான். மெக்லித் அட்மாசு.”

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. பிள்ளையின் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர். வம்சம் அதில்தான் இருக்கிறது.

“அழிச்சிடு அதை.”

“வரியைத் திருத்தலாம். எழுதினது யாருங்கறதை அழிக்கக் கூடாதுப்பா. அழிச்சா, அடுத்து வர்றவளும் அதே குழியில விழுவா.”

“நாப்பது வருஷம் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒரு தாள் திரும்பி வந்ததில்ல. அப்ப என் பேரை எடுத்துடு.”*

அவள் கவளத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். “சரிப்பா.”

* இந்த இடத்தை நான்கு பிரதிகளில் மாற்றி எழுதினேன். ஒன்றில் அட்மாசுவுக்கு இருமல் வந்துவிடுகிறது. ஒன்றில் மகளின் தலையைத் தடவுகிறார். நடந்தது மேலே உள்ளதுதான்.

4

இப்போது அவள் நைரோபியில் வேலை பார்க்கிறாள். ஞாயிறுதோறும் அழைக்கிறாள், என் தங்கையின் போனுக்கு. பக்கத்து அறையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் படித்து முடித்த செய்தித்தாளை மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டுவேன். (பார்த்தீர்களா, ‘நான்’ வந்துவிட்டது. இருக்கட்டும்.)

மலருக்குத் தகவல் வேண்டும் என்ற சாக்கில் அவளோடு முன்பு வேலை பார்த்த ஹிருத்தை வரவழைத்தேன். அவள் கணினியைத் திறந்து, மெக்லித் இங்கே விட்டுப்போன வேலையைக் காட்டினாள். பக்கம் பக்கமாக ஓடியது. ஒவ்வொரு வரியோடும் மெக்லித், மெக்லித், மெக்லித். அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. யாருக்கும் பிறக்காதவள்போல.

“பழசைக் காட்டும்மா. அந்தப் பிழையை.”

காட்டினாள். அதற்கு அடுத்தே திருத்தம்: மறுநாள் தேதி, எங்கள் கணக்கில் காலை ஐந்து மணி. கூடவே ஒரு குறிப்பு. ‘தவறு என்னுடையது. முப்பத்தேழு பேரையும் நானே அழைத்து, புது நேரம் வாங்கிக் கொடுத்தேன். இனிச் சோதிப்பவர்கள் மணியை வாயால் வாசிக்க வேண்டாம்; திரையில் உள்ள எண்ணைத் தாளில் எழுதிப் பார்க்கவும். மெக்லித் அட்மாசு.’

எங்கள் காலை ஐந்து மணி என்றால் வெளியுலகத்துக்குப் பதினொன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். கவளத்தை நீட்டும்போதே அவள் எல்லாவற்றையும் சரிசெய்து முடித்திருக்கிறாள். அந்தத் திருத்தமும் என் பெயரில்தான் இருந்தது. அன்று அதைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

“புதுசா சேர்றவங்களுக்கு இன்னும் இதைத்தான் காட்டறோம், ஐயா,” என்றாள் ஹிருத். “தனியா அறிவுரைன்னு ஒண்ணும் சொல்றதில்ல.”

5

முடிவு ஒன்று: புத்தாண்டன்று மெக்லித் மஞ்சள் பூக்களோடு வாசலில் வந்து நிற்கிறாள். எழுதினேன், கிழித்தேன். நாற்காலியை விட்டு அசையாத கிழவனுக்கு எதற்கு இந்தப் பரிசு?

முடிவு இரண்டு: அட்மாசு தங்கையின் போனை வாங்கி, “மெக்லித், நான்தான்—”

இதற்கு மேல் வசனம் வரவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன்.

பெக்கெலே தாள்களை வாங்க வந்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்ன இது, அட்மாசு மெக்லித்? உங்க அப்பா பேர் வொர்க்னேதானே? கை தவறிடுச்சா?”

“தவறல.”

“மக பேரைத் தன் பேருக்குப் பின்னால போட்டுக்கறவன் எங்கயாவது உண்டா? ஊரே சிரிக்கும், ஐயா.”

“சிரிக்கட்டும். அப்படியே அச்சடி.”

மலரின் ஒரு பிரதியை ஹிருத் நைரோபிக்கு அனுப்புவாள். படித்துவிட்டு மெக்லித் என்ன செய்வாள் என்பதை நான் எழுதப் போவதில்லை. அவள் பெயருக்குப் பின்னால் என்ன வர வேண்டும் என்று நான் சொன்னது ஒருமுறை போதும். இளைஞர்களே, உங்களில் யாராவது அவளோடு வேலை பார்க்கப் போனால், புதிதாக அவள் எழுதிய வரிக்குப் பக்கத்தில் உள்ள பெயரைப் பாருங்கள். இந்தக் கதையின் முடிவு எனக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

— அட்மாசு மெக்லித்