பொம்பளைக்குக் கூடாத மாத்திரை

விடிவெள்ளி இருக்கும்போதே தறிக்கூடத்தில் சத்தம் தொடங்கிவிடும். மிதிக்கட்டை தாழும், பாவு நூல் பிரியும், நாடா இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் ஓடும். திருவானைக்காவலைத் தாண்டிக் கொள்ளிடக் கரைக்குப் போகும் வழியில், ஓடு வேய்ந்த அந்த நீளக் கொட்டகையில், தொழுநோய் தீர்ந்தவர்கள் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்தார்கள். நோய் தீர்ந்ததே தவிர விரலில் போன உணர்ச்சி திரும்பவில்லை. நூல் அறுத்தால் வலிக்காது, வெள்ளைத் துணியில் சிவப்பு படிந்த பிறகுதான் தெரியும். அதனால் மாரியாயி அவ்வப்போது தறியை நிறுத்தி, வெளிச்சத்தில் விரல்களைப் புரட்டிப் பார்த்துக்கொள்வாள்.

அன்று அவள் நிறுத்தியது விரலைப் பார்க்க அல்ல. குமட்டியது. வேலியோரம் ஓடி வாந்தி எடுத்துவிட்டு வாயைக் கழுவும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மாதமாக நாள் தள்ளிப் போயிருந்தது. கஞ்சித்தொட்டியில் நூலுக்குப் பசை ஏற்றும் அவள் புருஷன் பிச்சையிடம் நேற்றுத்தான் சொன்னாள். அந்த மனுஷனுக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

ஆடி மாதம் அவளுக்கு ரியாக்‌ஷன் வந்திருந்தது. நோய் தீர்ந்தவர்களையும் விடாமல் வந்து பிடிக்கும் கோளாறு அது. காய்ச்சல் கொதிக்கும், முகத்திலும் கைகாலிலும் சிவந்த கட்டிகள் கிளம்பும், நரம்பு தெறிக்கும், சிலருக்குக் கண்ணே போய்விடும். படுத்துவிட்டால் கூலி கிடையாது. மேஸ்திரி அடைக்கலம்தான் மாத்திரை கொண்டுவந்து கொடுத்து, படுக்கப்போகும்போது தினம் ஒன்று போட்டுக்கொள்ளச் சொன்னார். இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது, கட்டிகள் அமுங்கின. அன்றிலிருந்து மாத்திரையை அவள் விடவில்லை.

அடைக்கலமும் நோய் கண்டு தீர்ந்தவர். அவள் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. தகப்பன் இடத்தில் நின்று கையைப் பிடித்துக் கொடுத்தவர் அவர். அப்பா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். வியாழக்கிழமைகளில் வரும் டாக்டரிடம் எல்லாருக்காகவும் பேசுகிறவரும் அவர்தான். இவர்கள் கிட்டே வந்தாலே டாக்டர்கள் மூக்கைப் பொத்திக்கொண்ட காலத்தில் தொடங்கிய வழக்கம் அது. இந்த டாக்டர் அப்படிப்பட்டவர் இல்லை, ஆனால் வழக்கம் மட்டும் போகவில்லை.

முந்தின நாள் அலுப்பில் அவள் மாத்திரை போடாமலே தூங்கிவிட்டாள். வாந்தி எடுக்கும்போது அதைப் போடலாமா என்று அடைக்கலத்திடம் கேட்கத் தாளில் மடித்து எடுத்து வந்திருந்தாள். தேநீர் நேரத்தில் மடிப்பைப் பிரித்தபோது அடுத்த தறியில் இருந்த நிஜாமுதீன் பார்த்துவிட்டார். அவரும் ரியாக்‌ஷன்காரர், அதே மாத்திரையால் கண் பிழைத்தவர்.

"இது உனக்கு எப்படி வந்துச்சு தங்கச்சி? இது பொம்பளைங்களுக்குக் கூடாதே."

டாக்டர் ஆண்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னதை அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். வெளிநாட்டில் ஒரு காலத்தில் தூக்கத்துக்கும் மசக்கை வாந்திக்கும் விற்ற மருந்தாம். சாப்பிட்ட தாய்மார்களுக்குக் கையும் காலும் இல்லாமல் குழந்தைகள் பிறந்தனவாம். உலகமே அதைத் தூக்கி எறிந்தது. பிறகுதான் இந்த ரியாக்‌ஷனுக்கு அதுபோல வேறு மருந்து கேட்பதில்லை என்று கண்டார்களாம். வீட்டுப் பெண்கள் கைக்கு எட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

மாரியாயி தன் கைகளைப் பார்த்தாள். குறைந்துபோன விரல்கள். இந்தக் கைகளை வைத்துக்கொண்டு, முழுக் கைகளோடு ஒரு பிள்ளையைத் தூக்கப் போகிறோம் என்றுதான் அவள் நேற்றுவரை சந்தோஷப்பட்டாள். மாத்திரையோடு எழுந்தாள்.

அடைக்கலம் பாவு சுற்றிக்கொண்டிருந்தார். அவள் மாத்திரையை நீட்டி, இது என்னவென்று தெரிந்துதான் கொடுத்தீர்களா என்று கேட்டாள். அவர் நிமிரவில்லை.

"ஆர்டர் நின்னுடும்னு முதலாளி நெருக்கினாரு. எமர்ஜென்சி முகாமுல உனக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆயிடுச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். இவ்வளவு நாளா ஒண்ணும் தங்கலையே, இனியும் தங்காதுன்னு நினைச்சேன்மா."

அவள் வயிற்றைப் பற்றி டாக்டர் அடைக்கலத்தைக் கேட்டார். அடைக்கலம் முதலாளி பேச்சைக் கேட்டார். அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை. பெற்றவர்கள் கைவிட்டபோதுகூட அவளுக்கு இப்படி வலித்ததில்லை. அவர்கள் பயந்தவர்கள். இவர் எல்லாம் தெரிந்தவர்.

அவள் தறிக்குத் திரும்பவில்லை. விஷயம் கேட்டுக் கஞ்சிக் கையோடு ஓடி வந்த பிச்சை, சுவரில் சாய்ந்து அழுதான். ஒவ்வொரு தறியாக நின்றது.

முதலாளி இருதயநாதன் காரில் வந்து இறங்கினார். அவரைப் பற்றி ஊரில் ஒரு சொல் தவறாகச் சொன்னால் சொன்னவரை அடிக்க வருவார்கள், அவ்வளவு தர்மவான். ஊர் தீண்டத் தயங்குகிறவர்களுக்கு வேலை கொடுத்தவர். வெளியார் கூலியில் பாதிதான் கொடுக்கிறார் என்பதை எந்த விழா மேடையிலும் யாரும் சொன்னதில்லை.

"ஒருத்தரும் சேர்க்காதப்ப உன்னைச் சேர்த்தவன் நான். தறியை நிறுத்துறதுதான் நன்றியா?"

"எனக்கு ஆபரேஷன் ஆச்சுன்னு சொல்ல வைக்க நீங்க யாரு முதலாளி?"

 அவர் மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினார். பல தேசத்தில் நிறுத்திய மருந்து இது, விஷயம் வெளியே போனால் எந்த டாக்டரும் தொடமாட்டார், அப்புறம் ரியாக்‌ஷன் வந்தால் எல்லாரும் கத்திக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் என்றார். சொல்லும்போது அவர் பார்வை நிஜாமுதீன் மேல் நின்றது. முதலாளிக்கு ஆளை எடைபோடத் தெரியும்.

 அந்த மாத்திரையை நம்பி இருந்தவர்கள் அங்கே பலர். நிஜாமுதீன் தறிக்குழியிலிருந்து மெதுவாக ஏறி வந்தார்.

"இது இல்லேன்னா எனக்குக் கண்ணு போயிருக்கும் முதலாளி. இன்னமும் வேணும். அதுக்காக இந்தப் பொண்ணு வாயை மூடச் சொன்னா, என்னால முடியாது."

அதற்குப் பிறகு பேச அதிகம் இருக்கவில்லை. மாத்திரை வேண்டும். யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று முகத்துக்கு நேரே சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆகாதவர்கள் படுத்தால் கூலி வேண்டும். டாக்டர் வரும் வியாழக்கிழமைவரை காத்திருக்க மாரியாயிக்கு மனமில்லை. வயிற்றில் இருப்பது என்ன ஆகும், தன்னால் என்ன செய்யமுடியும் என்பது அவளுக்கு இன்றே தெரிய வேண்டும். டாக்டர் வீடு ஆற்றுக்கு அக்கரையில், மன்னார்புரத்தில். இவர்கள் இத்தனை பேரை எந்த பஸ்ஸிலும் ஏற்றமாட்டார்கள். நடப்பது என்று முடிவாயிற்று.

உணர்ச்சி இல்லாத காலோடு அவ்வளவு தூரம் நடந்தால் புண்ணாகிவிடும். நிஜாமுதீன் கத்தரியை எடுத்துத் தன் தறியிலிருந்த துணியை வெட்டினார். அது ஆர்டர் துணி என்று முதலாளி கத்தினார். கத்தரி கை மாறிக்கொண்டே போனது. ஊருக்கெல்லாம் புண்ணுக்குக் கட்டத் துணி நெய்தவர்கள், முதல் தடவையாகத் தங்கள் கால்களுக்குக் கட்டிக்கொண்டார்கள். பிச்சை குனிந்து மாரியாயியின் காலுக்கு இரண்டு சுற்று கூடவே சுற்றினான்.

காவேரிப் பாலத்துக்கு வந்தபோது பின்னால் யாரோ விந்தி விந்தி வருவது தெரிந்தது. அடைக்கலம். வெறுங்கால். முதலாளியிடம் சாவியை எறிந்துவிட்டு வந்ததாகவும், டாக்டரிடம் தானே உண்மையைச் சொல்லிவிடுவதாகவும் மூச்சிரைக்கச் சொன்னார். மாரியாயிக்கு மனம் இளகவில்லை. ஆனாலும் மிச்சம் இருந்த துணிச் சுருளை அவர் கையில் கொடுத்தாள்.

"காலைக் கட்டிக்கிட்டு வாங்க மேஸ்திரி. ஆனா அங்கே நான்தான் பேசுவேன்."

அவர் பாலத்து ஓரத்தில் உட்கார்ந்து காலைக் கட்டி முடிக்கும்வரை எல்லாரும் நின்றார்கள். பிறகு மாரியாயி முன்னால் நடந்தாள்.