அணித்தலைவி சுவரைப் பார்த்து நின்றாள்

ரோபோவை ஓட்டப் போவது யார் என்று இன்று முடிவாகவேண்டும். போட்டியில் இருந்தது இருவர். ஒருத்தி அணித்தலைவியின் தங்கை. மற்றவன் அவசரக்குடுக்கை, சுருக்கமாகக் குடுக்கை.

"தங்கச்சிக்குத்தான் குடுக்கப் போறா. எதுக்கு இந்தக் கூத்து?" என்று காலையில் அணியின் வயரிங்காரன் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. அதனால்தான் சுவரைப் பார்த்து நின்றாள். யார் முதலில் ஓட்டுவது என்று சீட்டுப் போட்டார்கள். அவளிடம் சொல்லவில்லை.

முதல் ஓட்டம். பந்துகள் கூடையில் விழும் சத்தம் கேட்டது. நடுவே ரோபோ பக்கப்பலகையில் மோதியது. மறுபடி மோதியது. குடுக்கை என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது ஓட்டத்தில் மோதல் இல்லை. ஒவ்வொரு பந்தையும் பிடிக்குமுன் ரோபோ நின்று, இரண்டு முறை லேசாக முன்னால் தட்டி, நேராகிக்கொள்வது சத்தத்திலேயே தெரிந்தது. வீட்டுக் கூடத்தில் தங்கை பழகிப் பழகி உண்டாக்கிய வித்தை அது.

"பந்து ரெண்டு பேருக்கும் சமம். நீதான் சொல்லணும், கேப்டன்" என்றான் வயரிங்காரன்.

முதல் ஆள் என்றால் ஊர் வாய் அடைபடும். சொல்ல வாயெடுத்தாள். பலகையில் மோதிய சத்தம் இன்னும் காதில் இருந்தது. ரோபோ போட்டி மேடையில் அப்படி மோதினால் அணியே வெளியே.

"ரெண்டாவது ஆள்."

திரும்பினாள்.

குடுக்கை ரிமோட்டோடு நின்றான்.

"நீயா ஓட்டின?"

"நம்பலையா? இன்னொரு தடவை ஓட்டவா?"

"அந்தத் தட்டு..."

"உன் தங்கச்சிதான் கத்துக்குடுத்தா. ஒரு வாரமா என் உயிரை வாங்கிட்டா."

தங்கை கருவிப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"போட்டிக்கு நிக்கிறவனுக்கே ஏன்டி கத்துக்குடுத்த?"

"அவன் இடிச்சா ரிப்பேர் பண்றது யாரு? நான்தானே?"

"சரி, நீ ஏன் இடிச்ச?"

"கை நடுங்கிடுச்சுக்கா. வீட்டுல வந்ததெல்லாம் இங்க வரல."

"வருத்தமா?"

"கொஞ்சம். ஆனா மேடையை நினைச்சு ரெண்டு நாளா சோறே இறங்கல. இப்பப் பசிக்குது."

வயரிங்காரன் தலையைச் சொறிந்தான். "திட்டலாம்னு ரெடியா வந்தேன். எல்லாம் வீணாப் போச்சு."

"வீணாக்காத, குடுக்கையைத் திட்டு" என்றாள் தங்கை.

ஓட்டுநர் பக்கத்தில் நின்று வழிசொல்ல ஓர் ஆளுக்கு இடம் உண்டு. குடுக்கை தங்கையைக் கேட்டான். அவளைப்போல வேறு யாருக்கும் இவ்வளவு கத்த வராது என்றான். அவள் எழுந்து போனாள்.

போகிறவளின் கையை அக்கா பிடித்து நிறுத்தினாள். "முதல் ஆள்தான்னு சொல்லப் பார்த்தேன்டி. குடுக்கைன்னு நினைச்சு."

தங்கைக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அக்கா. தங்கச்சிக்கே குடுத்துட்டான்னு உன்னைக் கிழிச்சிருப்பாங்க."

"ஆமா."

அணித்தலைவி கருவிப்பெட்டிமேல் உட்கார்ந்தாள். களத்தில் தங்கை கத்த ஆரம்பித்திருந்தாள்.