ஏரிக்கரை மருமகன்

திருப்புலிவனம் டீமில் துரை என்று ஒருவன் ஆடிக்கொண்டிருந்தான். எங்கள் புங்கந்தாங்கல் ஆண்கள் கட்டின பெண்டாட்டியின் பெயரைவிட அவன் பெயரைத்தான் அதிகம் சொன்னார்கள். போன வருஷம் கோடைக் கால்பந்துப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் எங்களுக்கு எதிராக மூன்று கோல் போட்டான். வெறுங்காலோடு. எங்கள் ஆட்களில் நாலு பேர் காஞ்சிபுரம் போய் பூட்ஸ் வாங்கி மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

அது 1986 சித்திரை. நான் பி.ஏ. முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. டைப்ரைட்டிங் வகுப்புக்கு உத்திரமேரூர் போகிற வழியில் சைக்கிள் பஞ்சராகி, முனிரத்தினம் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கடையில் பஞ்சர் ஒட்ட அரை மணி நேரம் ஆகும். ஒட்டுவதற்கு ஐந்து நிமிஷம், மீதி துரையைப் பற்றிய பேச்சு.

"அவன் இடது காலு காலே இல்ல, கரண்டி. பந்த அள்ளிகினு போறான்" என்றார் முனிரத்தினம், டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி.

"நேத்து வாலாஜாபாத் ரைஸ்மில்லாண்ட பார்த்தேன்" என்றான் பச்சமுத்து. இவன்தான் எங்கள் கோல்கீப்பர். "மூட்டைய எறக்கி வச்சிட்டு, ஒரு எலுமிச்சம்பயத்த கால்ல தட்டிகினு நிக்கிறான். நாப்பத்தேயு வாட்டி எண்ணினேன். கீய வியல."

"இப்பிடி எண்ணிகினே நின்னுதான் மூணு கோல வுட்ட" என்றார் முனிரத்தினம்.

"நீ வந்து நில்லேன் போஸ்ட்ல. பந்து வரது கண்ணுக்குத் தெரிஞ்சா என் பேர மாத்திக்கிறேன்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் என் சித்தப்பா வேதகிரி, கிளப்பின் செகரட்டரி. அவர் கவலையோடு சொன்னார்: "காஞ்சீவரம் கிளப்புக்காரன் அவன கேட்டுகினு கீறானாம். சைக்கிள் தரானாம். அவன் போய்ட்டான்னா ஒயிஞ்சுதுன்னு வுடலாம். போவாம புலிவனத்துலயே இருந்தான்னா இந்த வருசமும் நம்ம கதி அதான்."

முனிரத்தினம் டியூபை வெளியே எடுத்துத் துடைத்தார். சேதியை இத்தனை நேரம் வாய்க்குள் வைத்திருந்திருக்கிறார், பாவம். "அவன் எந்தூர்ல பொண்ணு கட்டப் போறான், தெரிமா? நம்மூர்ல."

"நம்மூர்லயா! எந்த வூடு?"

"ஏரிக்கரை. கங்கம்மா பொண்ணு அங்கம்மா. வர வெள்ளிக்கு அடுத்த வெள்ளி."

சித்தப்பா பெஞ்சை விட்டு எழுந்தே விட்டார். கோடைப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் பிறந்த ஊருக்கும் ஆடலாம், பெண் கட்டிய ஊருக்கும் ஆடலாம். மருமகனும் ஊர்க்காரன்தான் என்று கணக்கு.

"மருமவன்டா! துரை நம்மூரு மருமவன்டா!" பச்சமுத்து என் சைக்கிள் மணியை எடுத்து அடித்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏரிக்கரையில் இருபத்திரண்டு இருளர் குடும்பங்கள். எங்கள் வயல்களில் நாற்று நடுகிறவர்கள், களை எடுக்கிறவர்கள். அந்த இடத்தை இவர்கள் யாரும் அதுவரை நம்மூர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'அந்தாண்ட' என்பார்கள். திருவிழாவுக்கு வரி வாங்க மாட்டார்கள், தெருவிளக்கு போட மாட்டார்கள். ஒரு இடது காலுக்காக ஒரே நிமிஷத்தில் ஏரிக்கரை நம்மூர் ஆகிவிட்டது.

"கனகா, நல்ல நேரத்துல வந்த" என்றார் சித்தப்பா. "கமிட்டிக்கு மனு எயுதணும். துரை எங்கூரு மருமவன், அவன எங்க டீமுக்கு மாத்தித் தாங்கன்னு. நீதான் பி.ஏ. ஆச்சே."

"எழுதறேன். ஏழாவது விதிக்கு இன்னா பண்ணப் போறீங்க?"

"இன்னா ஏயாவது விதி?"

"நீங்க போட்ட விதிதான் சித்தப்பா. மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் துரை முதல்முதலாக ஆட வந்தபோது, அவனை நிறுத்துவதற்காகக் கமிட்டியில் இவர் ஒரு ஆட்சேபணை கொடுத்தார். துரையும் இருளர்தான்; திருப்புலிவனத்திலும் இருளர் வீடுகள் ஊருக்கு வெளியில்தான். 'ஊர்த் தண்ணி குடிக்காதவன் எப்படி ஊர்க்காரன் ஆவான்?' என்று கேட்டார். கமிட்டிக்காரர்கள் தலையாட்டினார்கள். ஊர்ப்பொதுக் கிணற்றிலோ பம்பிலோ தண்ணீர் எடுக்கிற குடியிருப்புதான் ஊரைச் சேர்ந்தது என்று ஏழாவது விதியாக எழுதினார்கள். திருப்புலிவனத்தார் சண்டை போடவில்லை. ஒரே மாசத்தில் துரை வீட்டு வாசலில் அடிபம்பு போட்டுவிட்டு, அடுத்த வருஷம் அவனை இறக்கி மூன்று கோல் போட்டுவிட்டார்கள்.

"ஏரிக்கரையில ஊர்ப் பம்பு எங்க இருக்கு?" என்றேன். "அங்கம்மா ஏரிக்குள்ள ஊத்து தோண்டி மொண்டுகிட்டு வரா. அவ ஊர்க்காரி இல்ல. அவ புருஷன் உங்க மருமகனும் இல்ல. நீங்களே எழுதி வச்சது."

பச்சமுத்து மணி அடிப்பதை நிறுத்தினான்.

"யோவ் வேதகிரி" என்றார் முனிரத்தினம் மெதுவாக, "நீ போட்ட கோலு நம்ம போஸ்ட்லயே வந்து வியுந்துச்சேயா."

அன்று சாயங்காலமே அங்கம்மாளைப் பார்க்கக் கிளம்பினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அவர்கள் மட்டும் போகக் கூச்சம். ஏரிக்கரை அரச மரத்தைத் தாண்டி என் சித்தப்பா போனது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அங்கம்மாள் இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடமாகக் கரையேறி வந்துகொண்டிருந்தாள். துரையும் அங்கே இருந்தான். ஒல்லியாக, வெட்கப்பட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் குடத்தோடு.

சித்தப்பா பத்து நிமிஷம் பேசினார். ஊர் கௌரவம், கோப்பை, ஜெர்சி, பத்தாம் நம்பர், எல்லாம். துரை தரையைப் பார்த்தபடி சொன்னான்: "நம்ம வூட்டு வாசல்லயே பம்பு கீதுங்க. இவள அங்க இட்டுகினு போய்டலாம்னு கீறேன். இங்க தண்ணிக்கு அலையறா."

"நான் வர மாட்டேன்" என்றாள் அங்கம்மாள். "எங்கம்மாவுக்குக் கண்ணு தெரில. அத்த வுட்டுட்டு எங்க வரது?" பிறகு குடத்தை இறக்கிவைத்துவிட்டு சித்தப்பாவை நேராகப் பார்த்தாள். "இவுரு கால்தான் உங்களுக்கு வோணும், இல்ல? எனக்குத் தண்ணி வோணும். ஏரிக்கரையில பம்பு போடுங்க. அன்னிக்கே கையெயுத்து போடுவாரு. இல்லாங்காட்டி இவுரு புலிவனம், நான் இங்க. வாரத்துக்கு ஒரு நாள் வந்து போவட்டும்."

"வாரத்துக்கு ஒரு நாளா?" என்று துரை பதறினான்.

"நீ சும்மா இரு. அவங்களாண்ட பேசிகினு கீறேன்."

ஊருக்கு அந்த வருஷம் ஒரு பம்பு ஒதுக்கியிருந்தார்கள். புதிதாக ஜெயித்து வந்த பிரசிடெண்ட் ராஜாராம் அதைப் பஸ் நிறுத்தத்தில், அதாவது தன் வீட்டுக்கு எதிரில், போடுவதாக இருந்தார். அங்கே ஏற்கெனவே இரண்டு கிணறு. ஏரிக்கரையில் போடச் சொல்லி நான் மூன்று மனு கொடுத்திருந்தேன். மூன்றுக்கும் 'பாக்கலாம்மா' என்று ஒரே பதில்.

இப்போது கிளப் முழுக்க அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தது. "இருபத்திரண்டு குடும்பங்கள் ஊற்றுத் தண்ணீரை நம்பி வாழ்கின்றன" என்று சித்தப்பா முழங்கினார். என் மனுவில் இருந்த வரி. எழுத்து பிசகாமல் சொன்னார். அப்படியானால் மூன்று மனுவையும் படித்திருக்கிறார்! எழுந்து நின்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். தண்ணீர் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ராஜாராம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "துரை நெஜமாவே நம்ம பக்கம் ஆடுவானா?" என்றார்.

"கையெயுத்து போடறேன்னு சொல்லிக்கீறான்" என்றார் சித்தப்பா.

"அப்ப ஏரிக்கரையிலயே போட்டுடலாம்" என்றார். மூன்று மனு செய்யாததை ஒரு கால் செய்தது.

திங்கட்கிழமை போர் போடும் வண்டி வந்தது. தொண்ணூறு அடியில் தண்ணீர். வெள்ளிக்கிழமை கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை பம்பு மாட்டி முடித்தார்கள். போட்டிக்குப் பெயர் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். மனுவை நான் எழுதி எடுத்துப் போயிருந்தேன். துரை பேனாவைத் திறந்தான்.

அந்த நேரத்தில் கரைமேல் பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள் வந்து நின்றன. முன்னால் இறங்கியவர் சடையப்பன், திருப்புலிவனம் கிளப்பின் செகரட்டரி. வெயிலில் முகம் சிவந்திருந்தது.

"துரை, பேனாவ மூடு" என்றார். "வேதகிரி, இது ஊர்ப் பம்புன்னு சொல்றியா?"

"பின்ன? பிரசிடெண்ட் போட்ட பம்பு."

"போட்டா ஆச்சா? விதி இன்னா சொல்லுது? ஊர்ப்பொதுப் பம்பு. ஊர்க்காரன் அல்லாரும் குடிச்சாத்தான் ஊர்ப்பொது. எங்க, நீ இதுல ஒரு வாய் குடி. குடிச்சிட்டேன்னா எங்க துரைய நாங்களே தூக்கியாந்து வுடறோம்."

எங்கள் தெருக்காரர்கள் ஏரிக்கரையில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததாகச் சரித்திரம் இல்லை. அது சடையப்பனுக்கும் தெரியும்.

"எனக்குத் தாகமில்ல" என்றார் சித்தப்பா.

"சித்திர வெயில்ல நிக்கிறவன் தாகமில்லன்றான் பாரு!" புலிவனத்துக்காரர்கள் சிரித்தார்கள்.

அங்கம்மாள் பம்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சித்தப்பாவை ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் பச்சமுத்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போனான்.

"மூணு கோல் வாங்கினவன் நானு. எனக்குக் கீற தாகம் எவனுக்கும் கெடையாது. அடி, அங்கம்மா."

அவள் அடித்தாள். இரண்டு கையையும் குவித்து மடக் மடக்கென்று குடித்தான். தலையிலும் ஊற்றிக்கொண்டான். அடுத்து முனிரத்தினம். அப்புறம் டீமில் மீதியிருந்தவர்கள் ஒவ்வொருவராக. கடைசியில் சித்தப்பா மட்டும் பாக்கி. போய்க் கையை நீட்டினார், நனைத்தார், எடுத்துவிடப் பார்த்தார்.

"கைய நனைச்சா ஆவாது செகரட்ரி" என்றாள் அங்கம்மாள், அடிப்பதை நிறுத்தாமல். "முயுங்கணும்."

கரை முழுக்கச் சிரிப்பு. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் விழுங்கினார். கண்ணைத் திறந்தார். "இன்னாமே இது, எளநீ மாதிரி கீது! நம்ம தெருக் கெணறு உப்புக் கரிக்குதே!" என்று கோபமாகச் சொல்லிவிட்டு, மறுபடி குனிந்து வயிறு முட்டக் குடித்தார்.

அங்கம்மாள் என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னாக்கா நின்னுகினே கீற? மனு எயுதினா தாகம் அடங்கிடுமா?"

சுருக்கென்றது. மூன்று மனு எழுதிய நானும் அவள் வீட்டுப் பக்கம் ஒரு வாய் குடித்ததில்லை. ஊரையெல்லாம் திட்டிக்கொண்டிருந்ததில் அது என் கண்ணில் படவே இல்லை. மனுவைத் துரையிடம் கொடுத்துவிட்டுப் போய்க் குனிந்தேன். வேண்டுமென்றே வேகமாக அடித்தாள். மூக்கிலெல்லாம் ஏறியது. இருவரும் சிரித்துச் சிரித்து இருமினோம்.

துரை சைக்கிள் சீட்டின்மேல் தாளை வைத்து, ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில், ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினான். சடையப்பன் அதைப் பார்த்தார். பிறகு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பம்பண்டை வந்தார். "எங்களுக்கும் தாகமா கீதும்மா. குடிச்சா நாங்களும் உங்கூராயிடுவமா?"

"வா, வா" என்றார் சித்தப்பா, ஈர மீசையோடு. "பின்னால, பேக்ல ஆட எங்களுக்கு ஆள் பத்தல."