மேனேஜருக்குக் கால்வலி

மர நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் அவருக்குக் கடைசல் வேலை. இருபத்திரண்டு வருடமாக நாற்காலிக் கால்கள்தான். நாலில் ஒன்று மயிரிழை பிசகினாலும் நாற்காலி ஆடும். அதனால் காலிப்பரை வைத்து அளக்கும் முன்பே கண்ணால் அளவு சொல்லிவிடுவார். கடைசல்காரர் என்றே எல்லோரும் கூப்பிட்டுப் பழகியதில், அவர் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தேவைப்பட்டது.

அவர் வீட்டில் ஒரு சாம்பல் கிளி. பெயர் மேனேஜர், மகள் வைத்தது. வந்த அன்றே கூண்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, தலையைச் சாய்த்து, ஒவ்வொருவரையும் முறைத்துப் பார்த்தது. "ஒரு வேலையும் செய்யாது, ஆனா எல்லாரையும் கண்காணிக்கும்" என்றாள் மகள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்போது அந்த வீட்டில் மூன்று பேர்.

அப்புறம் அவரும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். பெரிய சண்டை ஒன்றுமில்லை. பேச்சு குறைந்துகொண்டே வந்து, பேசுவதற்கு எதுவுமில்லை என்பது ஒருநாள் இரண்டு பேருக்குமே தெரிந்துபோயிற்று. பதினோரு வயது மகள் அம்மாவோடு நகரத்தின் மறுகோடியில் ஓர் அடுக்குமாடிக்குப் போனாள். அங்கே பிராணிகள் வளர்க்க அனுமதியில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "மேனேஜரப் பாத்துக்கோப்பா" என்றாள்.

பார்த்துக்கொண்டார், கண்ணும் கருத்துமாக. கூண்டோடு வந்திருந்த பிளாஸ்டிக் குச்சிகள் அவருக்குப் பிடிக்கவில்லை. நல்ல கெட்டி மரமாகப் பார்த்து எடுத்துக் கடைந்து, நான்கு கம்புகள் செய்தார். நான்கும் ஒரே கனம், அச்சு வார்த்த மாதிரி. மூன்று ரகம் உப்புத்தாள் போட்டு, கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்க்கும் அளவுக்கு வழவழப்பாக்கினார். தன் பிள்ளை உட்காரும் நாற்காலியைக்கூட அவர் இவ்வளவு மெனக்கெட்டுச் செய்ததில்லை. சாப்பாட்டுக்குச் சூரியகாந்தி விதை. பழத்தையோ கேரட்டையோ வைத்தால் மேனேஜர் காலால் தள்ளிவிடும். விதையென்றால் கண்ணை மூடி மூடித் தின்னும். பிரிவு வந்த வீட்டில் ஒரு ஜீவனாவது ஆசைப்பட்டதைத் தின்னட்டுமே என்று கிண்ணம் நிறைய நிறையப் போட்டார். ஒரே வருடத்தில் மேனேஜர் கொழுகொழுவென்று ஆகிவிட்டது.

மகள் ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை வருவாள். உள்ளே நுழைந்ததும் நேராகக் கூண்டுதான். நடுவில் வாரம் இரண்டு தரம் வீடியோவில் கூப்பிடுவாள், அதிலும் மேனேஜர்தான் பாதி நேரம். அவருக்கு வருத்தமில்லை. கிளியைப் பார்க்கவாவது வருகிறாளே என்று நினைத்துக்கொள்வார். கிளி இல்லாவிட்டால் வருவாளா என்ற கேள்வி எப்போதாவது எட்டிப் பார்க்கும். உடனே எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்.

பள்ளித் தேர்வு நெருங்கியதால் மகள் சனிக்கிழமைகளில் வர முடியாமல் போன சமயம். ஒருநாள் வீடியோவில் கேட்டாள்: "ஏம்ப்பா ஒத்தக் கால்ல நிக்குது?"

"தூங்கப் போகுதுடா. கிளியெல்லாம் அப்படித்தான் தூங்கும்."

பொய்யில்லை, அவர் அப்படித்தான் நம்பினார். ஆனால் அடுத்த வாரம் பட்டப்பகலிலும் அது கால் மாற்றி மாற்றி நின்றது. கம்பை விட்டுவிட்டு அலகால் கம்பியைக் கவ்வித் தொங்கியது. இதமாகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பாதத்தில் இருக்கவேண்டிய சொரசொரப்பான சின்ன மேடுகளைக் காணோம். தேய்ந்த டயர் மாதிரி மழுமழுவென்று, ரத்தச் சிவப்பாக இருந்தது. மஞ்சள் நிறக் களிம்பு ஒன்றை வாங்கித் தடவினார். சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று மகள் கூப்பிட்டபோது, மேனேஜரின் தலை மட்டும் தெரிகிற மாதிரி போனைச் சாய்த்துப் பிடித்தார்.

அதற்கடுத்த ஐந்து வாரமும் அப்படியே பிடித்தார்.

கால் ஆறவில்லை. உள்ளங்காலின் நடுவில் கறுப்பாக ஒரு பக்கு கட்டி, அதைச் சுற்றி வீங்கி, விரல் மடங்காமல் போனது. மேனேஜர் கூண்டின் அடித்தட்டில் மூலையில் உட்கார்ந்துகொண்டு யாரையும் கண்காணிக்காமல் ஆனபிறகுதான், வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அதை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துப் பறவை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண், அளந்து பேசுகிறவர். காலில் நூல் ஏதாவது சுற்றியதா, வளையம் போட்டிருந்ததா, சூடான எதன்மேலாவது உட்கார்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றையும் தள்ளினார். மூட்டில் உப்புப் படிந்தாலும் வீங்கும், இது அதுவுமில்லை என்றார். பிறகு என்ன சாப்பிடுகிறது, எதில் நிற்கிறது என்று கேட்டார். விதை என்றார் கடைசல்காரர். வேறு? வேறொன்றுமில்லை. கம்பைப் பற்றிச் சொல்லும்போது மட்டும், தன்னை அறியாமல் குரலில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. தானே கடைந்தது, நாலும் ஒரே அளவு, கொஞ்சம்கூடச் சொரசொரப்பில்லை.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

மரத்தில் கிளை ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும் என்று நிதானமாகச் சொன்னார். கோணலும் முண்டுமாக இருப்பதால் பறவை கால் வைக்கிற இடம் மாறிக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒரே உருட்டாக, வழவழப்பாக இருந்தால் ராத்திரி பகல் முழுக்க உடம்பின் கனம் ஒரே புள்ளியில்தான் இறங்கும். விதையில் கொழுப்புதான் உண்டு, தோலுக்கு வேண்டிய சத்து இல்லை. தோல் மெலிந்தது, உடம்பு கனத்தது, புண் வந்தது. இப்போது சீழ் எலும்பு வரை போயிருக்கலாம். மயக்கம் கொடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஈரலும் கெட்டிருக்கும்போல, அதனால் மயக்கம் தாங்குமா என்பது சந்தேகம். செய்யாவிட்டால் நிச்சயம் பிழைக்காது.

"எப்போ முதல்ல கவனிச்சீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"ஆறு வாரம் இருக்கும்."

டாக்டர் பேனாவைத் திறந்து அதைக் குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று கடைசல்காரருக்குத் தோன்றியது.

உள்ளே கொண்டுபோகும்போது மேனேஜர் துண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி அவரைப் பார்த்தது. முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தபோது, முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மேனேஜர் கண் விழிக்கவில்லை.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பக்கத்து சீட்டு அம்மாள், உள்ளே என்ன, கேக்கா என்று சிரித்தபடி கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் மகளின் அம்மாவுக்குப் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னார். வயசாகிச் செத்துப்போச்சு என்று பிள்ளையிடம் சொல்லிவிடலாம், எதற்கு அவளைக் கஷ்டப்படுத்த வேண்டும் என்றாள் அவள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அவருக்கும் சரி என்பது வாய் வரை வந்தது. அப்புறம், "நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

அன்று சாயங்காலமே மகளை அவள் அம்மா அழைத்து வந்தாள். வீட்டுக்குப் பின்னால் மதிலோரம் குழி தோண்டினார். மண் மூடும்வரை மகள் அழவில்லை. முடிந்ததும் என்ன ஆச்சு என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னார்: கம்பு, விதை, கால், களிம்பு. கடைசியில், "உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் போனை அப்படிப் பிடிச்சேன்" என்றார்.

அவள் அவர் முகத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தேர்வுகள் முடிந்தன. அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. அவர் போன் செய்தபோதெல்லாம் அவள் அம்மாதான் எடுத்தாள். குளிக்கிறாள் என்பாள், இல்லாவிட்டால் படிக்கிறாள் என்பாள். சொல்கிறவளுக்கே சங்கடமாக இருந்தது குரலில் தெரிந்தது. அவர் தூண்டித் துருவவில்லை. தொழிற்சாலையில் அந்த மாதம் அவர் கடைந்த கால்களில் நிறையத் திரும்பி வந்தன. இவருக்கா இப்படி என்று மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வீடியோ இல்லை, வெறும் குரல்.

"அப்பா, அதுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?"

ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றார். இல்லைடா என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"வலிச்சிருக்கும்டா" என்றார்.

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல் அவள் பெரிதாக அழுதாள். அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தகுதியில்லை என்று நினைத்தார். படியில் உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் அழுவதை முழுக்கக் கேட்டார். எவ்வளவு நேரமானாலும் அவளும் போனை வைக்கவில்லை.

கடைசியில் தூரத்தில் அம்மா சாப்பிடக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"வச்சிடட்டுமாப்பா?"

"சரிடா, போய்ச் சாப்பிடு."

எப்போது வருவாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.